ஸ்க்ரிப்ட் இல்லாம வந்த ஆளு: மைக் லீயோட ஆரம்ப காலமும் அந்த 17 வருஷமும்

பிரிட்டிஷ் டைரக்டர் மைக் லீயோட முதல் படம் 'ப்ளீக் மொமெண்ட்ஸ்' 1971-ல வந்துச்சு. தியேட்டருக்குன்னு அவர் எடுத்த ரெண்டாவது முழுநீளப் படம் 'ஹை ஹோப்ஸ்', அது 1988. நடுவுல 17 வருஷம். முதல் படம் ஊத்திக்கிச்சு, அதான் யாரும் கூப்பிடலன்னு நினைச்சா அதுவும் இல்ல, 1972-ல லொகார்னோ திரைப்பட விழாவுல முதல் பரிசான தங்கச் சிறுத்தைய வாங்கின படம் அது, அதே வருஷம் சிகாகோ விழாவுலயும் பெரிய பரிசு, அமெரிக்கால பேர் வாங்கின ரோஜர் ஈபர்ட் மாதிரி ஒரு விமர்சகர் நாலு ஸ்டார் குடுத்து தலைல தூக்கி வச்சு எழுதினாரு. இவ்வளவும் வாங்கின 29 வயசு ஆளுக்கு அடுத்த படத்துக்கு எதுக்கு 17 வருஷம் ஆகணும்?

அவரைப் பத்தி எழுதுற நிறைய பேரு இந்த இடத்தை "அப்புறம் கொஞ்ச காலம் டிவியில வேலை பார்த்தார்"னு ஒரு வரியில தாண்டிருவாங்க, தாண்டி நேரா 1996-ல 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்'க்கு கான் விழாவுல தங்கப் பனை வாங்கினதுக்குப் போயிருவாங்க. அந்த ஒரு வரிக்குள்ளதான் மைக் லீங்கிற டைரக்டர் உருவானாருங்கிறது என்னோட அபிப்ராயம். சினிமா அவரை வெளிய நிறுத்தி வச்சிருந்த காலத்துலதான் அவரோட முறை முழுசா தேறுச்சு, அது எப்படின்னு புரியணும்னா அவர் எங்கருந்து வந்தாருன்னு முதல்ல பார்க்கணும்.

1943 பிப்ரவரி 20, இரண்டாம் உலகப்போர் நடந்துட்டு இருந்த நேரம், ஹார்ட்ஃபோர்ட்ஷையர்ல பிறந்தாரு. வளர்ந்தது எல்லாம் மான்செஸ்டரை ஒட்டின சால்ஃபோர்டுல. அப்பா ஆல்ஃப்ரெட் டாக்டர், யூதக் குடும்பம், தாத்தா காலத்துல புலம்பெயர்ந்து வந்தவங்க, லீபர்மேன்ங்கிற குடும்பப் பேரை 1939-ல லீன்னு மாத்திக்கிட்டாங்க. சால்ஃபோர்டு அப்ப பஞ்சாலை, கப்பல் துறை, கரிப்புகை, வரிசை வரிசையா செங்கல் வீடுன்னு சுத்தமான தொழிலாளர் ஊரு. அந்த ஊருக்கு நடுவுல டாக்டர் வீட்டுப் பையன். இதை நான் முக்கியமா நினைக்கிறேன், ஏன்னா டாக்டர் வீட்டுப் பையனுக்கு அக்கம்பக்கத்துல இருக்கிறவங்களோட வாழ்க்கை ரொம்ப கிட்டத்துல தெரியும் ஆனா அவன் அந்த வாழ்க்கைக்குள்ள இல்ல, கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்துட்டே இருப்பான், அவரோட எல்லாப் படத்துலயும் கேமரா நிக்கிற இடம் கிட்டத்தட்ட அதுதான்.

அவரே பல பேட்டியில சொன்ன ஒரு விஷயம் இருக்கு. அவருக்கு 12 வயசு இருக்கும், தாத்தா இறந்துட்டாரு, வெளிய பனி கொட்டுது, வீடு முழுக்க ஆளுங்க, வயசானவங்க நாலஞ்சு பேர் சவப்பெட்டிய படிக்கட்டு வழியா தடுமாறி தடுமாறி இறக்குறாங்க, அதுல ஒருத்தரோட நீளமான மூக்கு நுனியில ஒரு சொட்டு சளி தொங்கிட்டு நிக்குது. இதையெல்லாம் ஒரு படமா எடுத்தா எப்படி இருக்கும்னு அந்தப் பையனுக்கு அங்கயே தோணிருக்கு. துக்கம் இருக்கு, மரியாதை இருக்கு, கூடவே மூக்குச்சளியும் இருக்கு, மூணையும் ஒண்ணா ஒரே நேரத்துல பார்க்கிற அந்தக் கண்ணு 12 வயசுலயே வந்துருச்சு.

சின்ன வயசுல படம் நிறைய பார்த்தாரு, ஆனா பார்த்தது எல்லாம் ஹாலிவுட், பிரிட்டிஷ் படம்தான், வேற நாட்டுப் படம்னு ஒண்ணு இருக்கிறதே 17 வயசுல லண்டன் போன பிறகுதான் பெருசா தெரிய வந்துச்சு. ஹபோனிம்னு ஒரு யூத சோஷலிச இளைஞர் இயக்கத்துல இருந்தாரு. படிச்சது சால்ஃபோர்டு கிராமர் ஸ்கூல். இந்த ஸ்கூல் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

1960-ல ராடால, அதாவது லண்டன்ல இருக்கிற ராயல் நாடக அகாடமில, ஸ்காலர்ஷிப்போட இடம் கிடைச்சது. நடிகனாத்தான் உள்ள போனாரு. அங்க சொல்லிக் குடுத்த விதம் அவருக்குச் சுத்தமா ஒத்துவரல. வசனத்தை மனப்பாடம் பண்ணு, ஃபர்னிச்சர்ல இடிக்காம நட, டைரக்டர் சொல்ற இடத்துல நில்லு, அவ்வளவுதான். இந்த ஆளு யாரு, ஏன் இப்படிப் பேசுறான், நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டான்னு யாரும் கேக்குறதில்ல. அதுக்கப்புறம் கேம்பர்வெல் கலைப் பள்ளியில சேர்ந்தாரு. அங்க ஒரு நாள் லைஃப் டிராயிங் கிளாஸ்ல உக்காந்திருக்காரு, நடுவுல ஒரு மாடல், சுத்தி எல்லா மாணவர்களும் அமைதியா, ஆளாளுக்கு அவங்க இடத்துலருந்து நிஜமான ஒரு உடம்பைப் பார்த்து வரைஞ்சுட்டு இருக்காங்க. ராடால இது ஒரு நாள்கூட நடக்கலையேன்னு அப்ப அவருக்கு உறைச்சிருக்கு, நடிகர்கள் யாரும் நிஜத்துலருந்து எதையும் எடுத்து உருவாக்குறதில்ல, யாரோ எழுதினதை ஒப்பிக்கிறாங்க. ஓவியன் மாதிரி நடிகனும் நேரடியா மனுஷனைப் பார்த்து வேலை செஞ்சா என்னங்கிற கேள்வி அங்க பிறந்துச்சு. அதே காலத்துல அமெரிக்க டைரக்டர் ஜான் கசாவெட்டீஸோட 'ஷேடோஸ்' படம் பார்த்ததும், நடிகர்கள் இம்ப்ரவைஸ் பண்ணியே, அதாவது எழுதி வைக்காம அப்பப்ப தோணுறதைப் பேசி நடிச்சே, ஒரு முழுப் படத்தைக் கொண்டுவர முடியும்னு அவருக்குக் கண்ணு முன்னாடி ஒரு சாட்சி கிடைச்சது. கேம்பர்வெல்லுக்கு அப்புறம் சென்ட்ரல் ஸ்கூல்ல நாடக மேடை வடிவமைப்பு, லண்டன் ஃபிலிம் ஸ்கூல்ல சினிமான்னு படிப்பு நாலு பக்கம் போச்சு, வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு அலைபாயுற மாதிரி தெரிஞ்சிருக்கும்.

1965-ல பர்மிங்ஹாம்ல மிட்லண்ட்ஸ் ஆர்ட்ஸ் சென்டர்னு புதுசா ஆரம்பிச்ச இடத்துல வேலை கிடைச்சது, அங்க இளம் நடிகர்களை வச்சு 'தி பாக்ஸ் ப்ளே'ன்னு ஒரு நாடகம் போட்டாரு. எழுதின பிரதி எதுவும் இல்லாம, இம்ப்ரவைசேஷன்லருந்தே எழுப்பின அவரோட முதல் நாடகம் அதுதான். அப்புறம் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனில உதவி இயக்குநர், மான்செஸ்டர் பக்கம் காலேஜ்ல நாடகம் சொல்லிக் குடுக்கிற வேலை, நடுவுல அங்கங்க சின்ன மேடை நாடகம். 1970-ல லண்டன் ஓப்பன் ஸ்பேஸ் தியேட்டர்ல 'ப்ளீக் மொமெண்ட்ஸ்'னு ஒரு நாடகம். அதைத்தான் படமா எடுக்கலாம்னு முடிவு பண்ணாரு.

இங்க அவரோட முறையைச் சொல்லியாகணும், இது புரியலன்னா அந்த 17 வருஷமும் புரியாது. மைக் லீ ஒரு படம் ஆரம்பிக்கும்போது அவர்ட்ட கதை இருக்காது, ஸ்க்ரிப்ட் இருக்காது, மனசுல ஒரு மங்கலான திசை மட்டும் இருக்கும். நடிகர்கள்ட்ட "வர்றீங்களா, உங்க பாத்திரம் என்னன்னு எனக்கும் தெரியாது"ன்னுதான் கேப்பாரு. ஒத்துக்கிட்டு வந்த ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உக்கார வச்சு, உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுங்களைப் பத்தி சொல்லுங்கம்பாரு, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், பழைய கிளார்க், பஸ்ல அடிக்கடி பார்க்கிற ஆளு, இப்படி லிஸ்ட் நீண்டுட்டே போகும். அதுலருந்து ஒருத்தரையோ ரெண்டு மூணு பேரைக் கலந்தோ எடுத்துக்கிட்டு ஒரு புது மனுஷனை உருவாக்க ஆரம்பிப்பாங்க. எங்க பிறந்தான், அப்பா என்ன வேலை, எந்த ஸ்கூல், முதல் வேலைல எவ்வளவு சம்பளம், எப்படி நடப்பான், குரல் எங்கருந்து வருது, எல்லாம். அந்த ஆளு போஸ்ட்மேன்னா நடிகர் நிஜமாவே போய் போஸ்ட்மேன் வேலையக் கத்துக்கிட்டு வரணும். அப்புறம் தனித்தனியா வளர்ந்த இந்த ஆளுங்களை மெதுவா ஒருத்தரோட ஒருத்தரை சந்திக்க வைப்பாரு, மணிக்கணக்கா இம்ப்ரவைசேஷன் நடக்கும்.

இதுல ஒரு சட்டம் ரொம்ப கண்டிப்பு. ஒரு நடிகருக்கு அவரோட பாத்திரத்துக்கு என்ன தெரியுமோ அது மட்டும்தான் தெரியணும், மத்த பாத்திரத்தோட ரகசியம் எதுவும் காதுல விழக்கூடாது. இது எவ்வளவு தூரம் போகும்னா, ரொம்பப் பின்னாடி 2004-ல வந்த 'வெரா டிரேக்'ல குடும்பமா நடிச்சவங்களுக்கு கதாநாயகி வெரா ரகசியமா கருக்கலைப்பு பண்றாங்கன்னே தெரியாது, ஒத்திகைல போலீஸ் வந்து கதவைத் தட்டினப்பதான் தெரிஞ்சது.

ஆனா ஒண்ணு, கேமரா முன்னாடி ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுவாங்கன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, அது தப்பு. ஒத்திகைலதான் இம்ப்ரவைசேஷன். அதுலருந்து எது வேணும் எது வேணாம்னு மைக் லீ வெட்டி, ஒட்டி, திரும்பத் திரும்பப் பண்ண வச்சு, ஒவ்வொரு வசனமும் ஒவ்வொரு மௌனமும் கெட்டிப்பட்ட பிறகுதான் கேமரா ஓடும். அப்ப அது எழுதின ஸ்க்ரிப்ட் மாதிரியே துல்லியமா இருக்கும், காகிதத்துக்குப் பதிலா நடிகரோட உடம்புலயும் ஞாபகத்துலயும் எழுதி வச்சிருப்பாரு, அவ்வளவுதான் வித்தியாசம். பின்னாடி திரைக்கதைக்காக மட்டும் அவருக்கு 5 தடவை ஆஸ்கார் நாமினேஷன் வந்துச்சு.

சரி, இப்ப இதை ஒரு தயாரிப்பாளர் பக்கம் நின்னு பாருங்க. ஒரு ஆளு வர்றாரு. கதை என்னன்னா தெரியாதுங்கிறாரு. ஸ்க்ரிப்ட் எங்கன்னா இல்லைங்கிறாரு. ஸ்டார் யாருன்னா, பிரபலம் இல்லாத ஆளுங்கதான் சரிப்படும்னு சொல்றாரு. எத்தனை நாள் ஆகும்னா முதல்ல பல வாரம் ஒத்திகை, அதுக்கும் சம்பளம் வேணும்னு சொல்றாரு. சினிமாவுக்குப் பணம் போடுறவன் எதைப் படிச்சுப் பார்த்து செக்ல கையெழுத்துப் போடுவான்?

முதல் படத்துக்கு வழி பண்ணது அந்த சால்ஃபோர்டு கிராமர் ஸ்கூல்தான். தயாரிப்பாளரா கூட நின்ன லெஸ் பிளேர் அதே ஸ்கூல்ல படிச்ச சிநேகிதர். பணம் குடுத்தது ஆல்பர்ட் ஃபின்னி, அவரும் அதே ஸ்கூல், அவரும் சால்ஃபோர்டுக்காரர், மைக் லீய விட ஏழு வயசு மூத்தவர், அதுக்குள்ள உலகம் முழுக்கத் தெரிஞ்ச ஸ்டார். 1963-ல 'டாம் ஜோன்ஸ்' ஓடின ஓட்டத்துல வந்த பணத்தை வச்சு மெமோரியல் என்டர்ப்ரைசஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, லிண்ட்சே ஆண்டர்சன், ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் மாதிரி டைரக்டர்களுக்கு அதுலருந்து வாய்ப்புக் குடுத்துட்டு இருந்தாரு, ஃப்ரியர்ஸோட முதல் படமும் அந்தக் கம்பெனிதான். சம்பாதிச்ச பணத்தைத் தன் தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் திருப்பி விட்ட மனுஷன், அவரைப் பத்தித் தனியா எழுதலாம். 'ப்ளீக் மொமெண்ட்ஸ்' பட்ஜெட் 18,500 பவுண்டு. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பேருக்கு 100 பவுண்டு குடுத்துச்சு, ஆனா அந்த 100 பவுண்டாலதான் இது பரிசோதனைப் படம்னு யூனியன் ஒத்துக்கிட்டு கம்மி சம்பளத்துல வேலை செய்ய விட்டுச்சு.

படம் தெற்கு லண்டன்ல ஒரு வீட்டுல இருக்கிற சில்வியாங்கிற டைப்பிஸ்ட்டைப் பத்தி, மனவளர்ச்சி குன்றின அக்காவையும் கவனிச்சுக்கிட்டு தனியா இருக்கா. பீட்டர்னு ஒரு வாத்தியார் மேல அவளுக்கு ஒரு இது, அவருக்கும் அவ மேல இருக்கு, ஆனா ரெண்டு பேருக்குமே அதை வெளிய எடுக்கத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு சைனீஸ் ஓட்டலுக்குப் போறாங்க. கிட்டத்தட்ட காலியான ஓட்டல், சர்வர் வெடுக்கு வெடுக்குன்னு நிக்கிறாரு, தள்ளி ஒரு டேபிள்ல தனியா சாப்பிட்டுட்டு இருக்கிற ஒருத்தர் இவங்களையே பார்த்துட்டு இருக்காரு. பேச்சு வரல. வீட்டுக்கு வந்து சில்வியா ஷெர்ரி ஒயின் ஊத்துறா, குடிக்கிறாங்க, இன்னொரு கிளாஸ் ஊத்துறா, பீட்டர் சோஃபா நுனியில உக்காந்துகிட்டு படிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசுறாரு. ஒண்ணுமே நடக்கல, ஆனா பார்க்கிற நமக்கு எழுந்து வெளிய ஓடிரலாமான்னு இருக்கும். அந்தத் தவிப்பை வசனமா எழுதி வாங்க முடியாதுங்க, அந்த ரெண்டு மனுஷங்களும் எத்தனையோ வாரம் தனித்தனியா வளர்ந்து அப்புறமா சந்திச்சதாலதான் அந்த மௌனம் அவ்வளவு கனமா இருக்கு.

இந்தப் படத்துல சின்ன ரோல்ல வந்த லிஸ் ஸ்மித் கதையும் சொல்லணும். கிட்டத்தட்ட 50 வயசு, விவாகரத்து ஆனவங்க, ரெண்டு பிள்ளைங்களைத் தனியா வளர்த்தவங்க, சாயங்காலத்துல நடிப்புப் பட்டறை, பகல்ல கிடைச்ச வேலை. ரீஜண்ட் ஸ்ட்ரீட்ல ஹாம்லீஸ் பொம்மைக் கடைல கிறிஸ்மஸ் சீசனுக்கு பொம்மை வித்துட்டு இருந்தப்பதான் மைக் லீட்டருந்து அழைப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் பிரிட்டன்ல எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச முகமா ஆகி பிரிட்டனோட பெரிய சினிமா விருதான பாஃப்டா வரைக்கும் போனாங்க. பேர் தெரிஞ்ச நடிகர் வேணாம்னு அவர் பிடிச்ச பிடிவாதத்தால இந்த மாதிரி ஆளுங்களுக்குக் கதவு திறந்துச்சு.

படம் வந்த நேரம் மகா மோசமான நேரம். அறுபதுகள்ல பிரிட்டிஷ் சினிமா செழிச்சதுக்குப் பெரிய காரணம் அமெரிக்க ஸ்டூடியோ பணம், லண்டன்தான் ஃபேஷன்னு கொட்டினாங்க, பத்து வருஷம் முடியும்போது ஹாலிவுட்டே நஷ்டத்துல மாட்டவும் மூட்டை கட்டிட்டுப் போயிட்டாங்க. எழுபதுகள்ல பிரிட்டன்ல சொந்தமா, சின்னதா, சீரியஸா படம் எடுக்க இடமே இல்லாமப் போச்சு. கென் லோச்னு இன்னொரு டைரக்டருக்கும் அதே நிலைமை, ஃப்ரியர்ஸுக்கும் அதே நிலைமை. எல்லாரும் போய் நின்ன ஒரே வாசல் பிபிசி.

பிபிசில 'ப்ளே ஃபார் டுடே'ன்னு ஒரு வரிசை 1970-லருந்து 1984 வரைக்கும் ஓடுச்சு. ஒவ்வொண்ணும் தனிக் கதை, பெரும்பாலும் புதுசா எழுதினது, பிரதான சேனல்ல, பிரதான நேரத்துல. இது எப்படி முடிஞ்சதுன்னா, பிபிசிக்குப் பணம் வர்றது டிவி வச்சிருக்கிற ஒவ்வொரு வீடும் கட்டுற லைசன்ஸ் கட்டணத்துலருந்து. விளம்பரம் குடுக்கிறவன் இல்ல, டிக்கெட் விக்கணும்னு இல்ல. வருஷத்துக்கு இத்தனை நாடகம்னு ஸ்லாட் ஏற்கெனவே இருக்கு, பட்ஜெட் இருக்கு, கேமராமேன், எடிட்டர் எல்லாம் மாசச் சம்பளத்துல உள்ளயே இருக்காங்க. அப்ப ஒரு தயாரிப்பாளர் "இந்த ஆளை நான் நம்புறேன்"னு சொன்னாலே போதும், ஸ்க்ரிப்டைக் கமிட்டி படிச்சு ஓகே பண்ணணும்ங்கிற அவசியம் குறைஞ்சிருது. மைக் லீ மாதிரி ஒரு ஆளுக்கு உலகத்துலயே அப்ப இருந்த ஒரே சரியான இடம் அதுதான்.

அப்படி நம்பின முதல் ஆளு டோனி கார்னெட், கென் லோச்சோட 'கெஸ்' எடுத்த தயாரிப்பாளர். அவர் கூட்டிட்டு வந்து 1973-ல 'ஹார்ட் லேபர்' எடுக்க வச்சாரு. சால்ஃபோர்டுக்கே திரும்பப் போயி எடுத்த படம். லிஸ் ஸ்மித் இப்ப கதாநாயகி, மிஸ்ஸஸ் தார்ன்லி, ஊரார் வீட்டைத் துடைக்கிறாங்க, அப்புறம் தன் வீட்டைத் துடைக்கிறாங்க. ஒரு காட்சில வாட்ச்மேன் வேலை பார்க்கிற புருஷனுக்கு முதுகுல தைலம் தேய்க்கிறாங்க, முடி அடர்ந்த பெரிய முதுகு, அந்தம்மா முகத்துல ஒரு உணர்ச்சியும் இல்லாம தேய்ச்சுட்டே இருக்காங்க, அவரு இன்னும் அழுத்தி இன்னும் அழுத்திங்கிறாரு. ஒரு கல்யாண வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு முதுகுல இருக்கு. பின்னாடி சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி, புருஷன் மேல பாசம் இல்லைன்னு பாதிரியார்ட்ட சொல்றாங்க, அதைக் கேக்கக்கூட ஆள் இல்ல. மைக் லீயோட மிக நல்ல அஞ்சு படத்துல ஒண்ணா நான் இதைத்தான் சொல்லுவேன், ஆனா இதைப் பார்த்தவங்க ரொம்பக் கம்மி.

அடுத்து வந்த முக்கியமான ஆளு டேவிட் ரோஸ். பர்மிங்ஹாம்ல பிபிசியோட பெபிள் மில் ஸ்டூடியோல இருந்துகிட்டு, லண்டனை விட்டு வெளிய இருக்கிற ஊர்க் கதைகளை எடுக்க வைக்கிறதுதான் அவர் பொறுப்பு. அவர் குடுத்த வாய்ப்புலதான் 1976-ல 'நட்ஸ் இன் மே' வந்துச்சு, டார்செட் கடற்கரைப் பக்கம் கூடாரம் போட்டு லீவைக் கழிக்க வர்ற கீத், கேண்டிஸ் மேரிங்கிற தம்பதி. சைவம், இயற்கை உணவு, ஒவ்வொரு வாயையும் 72 தடவை மென்னு முழுங்கணும்னு பொண்டாட்டிக்குக் கணக்குச் சொல்ற கீத். பக்கத்துல ஒரு பையன் கூடாரம் போட்டு ரேடியோ வைக்கிறான், கீத் நயமா சட்டம் பேசுறாரு. அப்புறம் இன்னொரு ஜோடி மோட்டார் சைக்கிள்ல வருது, கூடாரத்துக்குப் பக்கத்துல தீ மூட்டக்கூடாதுன்னு விதி, அவங்க மூட்டப் போறாங்க, அமைதியும் இயற்கையும் பேசின கீத் ஒரு பெரிய மரக்கிளையைத் தூக்கிக்கிட்டு அடிக்க ஓடுறாரு. ஓடி முடிச்சு தனியா போய் அழுறாரு. சிரிச்சுட்டே இருந்த நம்மளுக்கு அந்த அழுகைல சிரிப்பு அப்படியே நின்னுரும். கேண்டிஸ் மேரியா நடிச்ச அலிசன் ஸ்டெட்மேனை 1973-ல மைக் லீ கல்யாணம் பண்ணியிருந்தாரு.

அதே அலிசன்தான் 1977-ல 'அபிகெய்ல்ஸ் பார்ட்டி'ல, ஒரு சாயங்காலம் அக்கம்பக்கத்துக்காரங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கிற பெவர்லி. ஹாம்ஸ்டெட் தியேட்டர்ல நாடகமா வந்து பயங்கரமா ஓடுச்சு, லண்டனோட பெரிய நாடக அரங்குகள் இருக்கிற வெஸ்ட் எண்டுக்கு மாத்தலாம்னு பேச்சு, ஆனா அலிசன் கர்ப்பமா இருந்தாங்க, அதனால அவசரமா பிபிசி ஸ்டூடியோக்குள்ள நாலஞ்சு வீடியோ கேமராவ வச்சுப் பதிவு பண்ணிட்டாங்க. படமா பார்த்தா அதோட தரம் மோசம்னு மைக் லீயே இன்னைக்கு வரைக்கும் வருத்தப்படுறாரு, நிழல் விழுது, லைட்டிங் தட்டை. ஆனா ஜனங்க மத்தியில அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்தது அதுதான், மூணாவது தடவை போட்டப்ப ஒரு கோடியே 60 லட்சம் பேர் பார்த்தாங்கம்பாங்க, போட்டி சேனல் ஐடிவில ஸ்டிரைக், வெளிய புயல் மழை, ஊரே வீட்டுல இருந்துச்சு. இதுக்கு ஒரு எதிர்ப்பும் வந்துச்சு. டென்னிஸ் பாட்டர், அவரே பெரிய டிவி எழுத்தாளர், கீழ்நடுத்தர மக்களைக் கேவலப்படுத்துற நாடகம்னு சண்டே டைம்ஸ்ல காட்டமா எழுதினாரு. மைக் லீ தன் பாத்திரங்களை மட்டம் தட்டுறாருங்கிற குற்றச்சாட்டு அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னும் நிக்கல. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. பெவர்லி எரிச்சல் மூட்டுவா, சரிதான், ஆனா அவளைப் படைச்ச நடிகை அவளோட பிறப்புலருந்து அந்த சாயங்காலம் வரைக்கும் வாழ்ந்து பார்த்திருக்காங்க, அப்படிச் செஞ்ச ஒருத்தரால அந்தப் பாத்திரத்தை வெறுக்க முடியாது. கடைசில புருஷன் மாரடைப்புல விழும்போது பெவர்லி என்ன பண்றதுன்னு தெரியாம தத்தளிக்கிறதைப் பாருங்க, அங்க கேலி எதுவும் இல்ல.

இந்த டிவி காலத்துக்கு ஒரு விலையும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். எல்லாம் 16 எம்எம்ங்கிற சின்ன ஃபிலிம் இல்லன்னா வீடியோ. ஒரு ராத்திரி போடுவாங்க, மறுநாள் ஆபீஸ்ல நாலு பேர் பேசுவாங்க, முடிஞ்சது. மறு ஒளிபரப்பு கிடைச்சா அதிர்ஷ்டம். வெளிநாட்டு விழாவுக்குப் பெரும்பாலும் போகாது, பிரான்ஸ்லயும் அமெரிக்காலயும் மைக் லீன்னா யாருன்னே தெரியாது. 1975-ல அஞ்சு நிமிஷக் குறும்படம்னு ஒரு வரிசைக்கு அஞ்சு எடுத்துக் குடுத்தாரு, பிபிசி அதைத் தூக்கி அலமாரில வச்சு 1982-லதான் வெளிய விட்டுச்சு.

இந்த விலை ரொம்ப வலிச்சது 'மீன்டைம்'லதான். 1983. தாட்சர் ஆட்சி, பிரிட்டன்ல வேலை இல்லாதவங்க 30 லட்சத்தைத் தாண்டியாச்சு. கிழக்கு லண்டன் அடுக்குமாடிக் குடியிருப்புல அப்பாவும் ரெண்டு பையன்களும் மூணு பேருமே வேலை இல்லாம டோல்ங்கிற அரசாங்க உதவித்தொகை வாங்கிட்டு ஒரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறாங்க. சின்னவன் காலினா டிம் ராத், காக்ஸிங்கிற ஸ்கின்ஹெட்டா, அதாவது தலையை ஒட்ட வெட்டிக்கிட்டுத் திரியுற முரட்டுப் பையனா, கேரி ஓல்ட்மேன், ரெண்டு பேருக்குமே அப்ப பேர் கிடையாது. ஓல்ட்மேன் ஒரு வெறும் டிரம்முக்குள்ள உக்காந்துகிட்டு பொட்டல்ல உருண்டுட்டு, உள்ளருந்து அடிச்சுட்டே இருப்பாரு, அந்தத் தலைமுறையோட கோபத்துக்குப் போக்கிடம் இல்லாததை இதை விட யாரும் காட்டல. தியேட்டர்ல நின்னு ஓடியிருக்க வேண்டிய படம். ஆனா சென்ட்ரல் டெலிவிஷன்ங்கிற கம்பெனி சேனல் 4-ங்கிற புது டிவி சேனலுக்காக எடுத்தது, 16 எம்எம், டிவிக்குத்தான் போச்சு.

ஆனா கதவு திறந்ததும் அந்த சேனல் 4-லதான். 1982 நவம்பர் 2-ல ஆரம்பிச்ச சேனல், அதோட டிராமா, சினிமா பிரிவுக்குத் தலைமையா வந்தது பெபிள் மில்லருந்த அதே டேவிட் ரோஸ். அவர் பண்ண பெரிய மாற்றம், டிவி பணத்துல எடுத்தாலும் முதல்ல தியேட்டருக்குப் போகட்டும், அப்புறம் டிவிக்கு வரட்டும்ங்கிறது. 1985-ல ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ், எழுத்தாளர் ஹனீஃப் குரேஷி கூட்டணியில 'மை பியூட்டிஃபுல் லான்ட்ரெட்' டிவிக்குன்னு 16 எம்எம்ல எடுத்துட்டு தியேட்டர்ல உலகம் பூரா ஓடினதும் இந்த வழி உறுதியாச்சு.

மைக் லீ உடனே அந்த வழியில போகல, போக முடியல. 1985-ல அவர் ஆஸ்திரேலியால இருந்தப்ப அப்பா இறந்துட்டாரு. அதுக்கப்புறம் பெரிய சோர்வு. 1986-ல பிளாக்பர்ன்ல ஜேன் ஹாராக்ஸ், ஜூலி வால்டர்ஸ், டேவிட் தியூலிஸ் எல்லாரையும் கூட்டி வச்சு ஒரு படத்துக்கு ஏழு வாரம் ஒத்திகை பண்ணிட்டு, நடுவுலயே கைவிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. ஸ்க்ரிப்ட் இருந்தா டைரக்டர் மனசு சரியில்லன்னாலும் படம் எப்படியோ நகரும், இந்த முறைல எல்லாமே அவரோட தலைக்குள்ள நடக்கிறதால அவர் நின்னா எல்லாம் நின்னுரும். கொஞ்ச காலம் வேலையே பார்க்காம வீட்டுல பையன்களைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு.

அதுலருந்து எழுந்து வந்து எடுத்ததுதான் 'ஹை ஹோப்ஸ்'. கிங்ஸ் கிராஸ் பக்கம் இருக்கிற சிரில், ஷேர்லிங்கிற சோஷலிச ஜோடி, நொடிஞ்சு போய்ட்டிருக்கிற சிரிலோட அம்மா, பணம் சேர்த்து மேல போக நினைக்கிற அவரோட சகோதரி. வெனிஸ்ல சர்வதேச விமர்சகர்கள் பரிசு கிடைச்சது. இந்தப் படத்துல 45 வயசு டைரக்டரோட கை தெரியும், தடுமாற்றமே இல்ல, ஏன்னா நடுவுல அவர் சும்மா இருக்கல, படத்து மேல படமா எடுத்துட்டே இருந்தாரு, உலகம் பார்க்கலங்கிறதுதான் விஷயம். 'கிரோன் அப்ஸ்'ங்கிற 1980 டிவி படத்துல ஃபர்ஸ்ட் அசிஸ்டெண்ட் டைரக்டரா இருந்த சைமன் சானிங் வில்லியம்ஸ் இப்ப தயாரிப்பாளரா வந்து சேர்ந்தாரு, ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனிக்கு, ரெண்டு பேருமே குண்டா இருந்ததால, தின் மேன் ஃபிலிம்ஸ்னு பேர் வச்சாங்க. அதுக்கப்புறம் 1990-ல 'லைஃப் இஸ் ஸ்வீட்', 1993-ல 'நேக்கட்'டுக்குக் கான்ல சிறந்த இயக்குநர், 1996-ல தங்கப் பனைன்னு எல்லாம் சரசரன்னு நடந்துச்சு. பிளாக்பர்ன்ல பாதில நின்ன அந்த ஒத்திகைல இருந்த தியூலிஸ்தான் 'நேக்கட்'டுக்கு கான்ல சிறந்த நடிகர்.

மைக் லீய இதுவரை பார்க்காதவங்க பரிசு வாங்கின படங்கள்லருந்து ஆரம்பிக்க வேணாம், 'மீன்டைம்' இல்லன்னா 'நட்ஸ் இன் மே'ல ஆரம்பிங்க, அப்புறம் 'ஹார்ட் லேபர்' கிடைச்சா விடாதீங்க. அதுக்கப்புறம் 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்'ல அந்த டீக்கடை சீன் வரும், அம்மாவும் மகளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து கேமரா அசையாம பல நிமிஷம் ஓடுற சீன், அந்தப் பொறுமையை அவர் எங்க கத்துக்கிட்டாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.